தப்பாகச் செய்யும் உரிமை

போன மாசம் மதுரையிலிருந்து ஒரு மாணவத் தோழர் கூட்டத்துக்குத் தேதி கேட்டு வந்திருந்தார். நான் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட சாய்ப்புக்குள் குந்தியிருந்தேன். முகத்தில் கறுப்புக் கண்ணாடி மூடி, கையில் ஹோல்டர், ஹோல்டரில் ராடு. பொறி பறந்துகொண்டிருந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றவர், நான் எழுந்ததும் கேட்டார்:

"என்ன தோழர், வெல்டிங் கடை போடப் போறீங்களா?"

"இல்ல தோழர். சும்மாதான். பொழுதுபோக்கு."

அவர் முகம் சுருங்கிப்போச்சு. "மேடையில நின்னு, கருவியத் தூக்கிப் போடு, புத்தகத்த எடுன்னு பேசுறீங்க. வீட்ல பாத்தா நீங்களே இரும்போட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கீங்க. நம்ம சனம் தலைமுறை தலைமுறையா வேலை செஞ்சு செத்தது போதாதா? அதை வெளையாட்டா வேற செய்யணுமா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. டீ குடித்தோம். தேதி பேசினோம். 2010 கடைசியில் நின்று 2023 ஜூனில் மறுபடியும் ஓட ஆரம்பித்த போடி ரயிலில் ஏறிச் சாயங்காலம் போய்விட்டார். கேள்வியை மட்டும் சாய்ப்பிலேயே விட்டுவிட்டுப் போனார். அவருக்குச் சொல்ல நினைத்த பதில்தான் இது. அவர் மட்டும் கேட்கிற கேள்வி இல்லை என்பதால் எழுதுகிறேன்.

*

நான் படித்தது எம்.ஏ. தமிழ். பகலில் பாடம் நடத்துகிறேன், மற்ற நேரம் இயக்க வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பழைய இன்வர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்று கைமாறி வந்தது. அதோடு நாலு இஞ்ச் கிரைண்டர், ஒரு வைஸ், சிப்பிங் சுத்தி. இரும்பு, பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மெஷினைப் போட்டால் தெருவில் பல்பு மங்கும். "ஏய், வாத்தியாரு ஆரம்பிச்சுட்டாருடா" என்று பக்கத்து வீட்டில் டிவி பார்க்கிற பிள்ளைகள் கத்தும். இதுவரை செய்தது: ஒரு புத்தக அலமாரி, குடத்துக்கு ஒரு ஸ்டாண்டு, அம்மாவுக்கு ஒரு முக்காலி, அப்புறம் எதுக்கும் ஆகாத இரும்புக் குப்பை ஒரு சாக்கு.

இது ஏன் எனக்குப் பிடித்துப்போனது என்று யோசித்தால், எங்கப்பாவிடம் போய்த்தான் நிற்கிறது.

அப்பா ஏலக்காய் ஸ்டோரில் நெருப்புப் போடுகிறவராக இருந்தார். போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கேரள எல்லைக்குள் ஒரு தோட்டம். பறித்த பச்சைக் காயை அப்படியே விற்க முடியாது. ஸ்டோருக்குள் தட்டுத் தட்டாகப் பரப்பிச் சூட்டில் ஒரு நாளாவது காய வைக்கணும். அஞ்சு கிலோ பச்சைக்காய் காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ தேறும். அடுப்பு வெளியில் இருக்கும். விறகின் சூடு தகரக் குழாய் வழியாக அறைக்குள் சுற்றிவரும். புகை காயைத் தொடாமல் கூரைக்கு மேலே போய்விடும். சூடு கூடினால் காய் வெளுக்கும், வெடிக்கும். குறைந்தால் பூசணம் பிடிக்கும். பச்சை நிறம் மாறாமல் எடுத்தால்தான் போடி ஏலத்தில் விலை. ராத்திரி பூரா முழித்திருந்து அந்தச் சூட்டைக் காப்பது அப்பா வேலை. கதவைத் திறந்து முகத்தைக் காட்டினால் போதும், இன்னும் எத்தனை கட்டை வைக்கணும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒரு வருஷம் அந்தக் குழாயில் துரு பிடித்து ஓட்டை விழ ஆரம்பித்தது. கங்காணியிடம் மூணு தடவை சொன்னார். "பாப்போம், பாப்போம்" என்றார்கள். "ஒரு தகரத்துண்டு மட்டும் குடுங்க, நானே வச்சுக் கட்டிப்புடுறேன்" என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கிடைத்த பதிலை அப்பா இன்றைக்கும் வரி மாறாமல் சொல்வார்: "நெருப்புப் போடுறதுதான் ஒன் சோலி. குழாயில கை வைக்காத. ஒங்க ஆளுகளுக்கு எதுக்கு அந்த வேலையெல்லாம்?"

மழை ராத்திரி ஒன்றில் ஓட்டை வாயைப் பிளந்தது. புகை அறைக்குள் இறங்கியது. விடியும்போது ஒரு தட்டுக் காய்கூட மிஞ்சவில்லை, அத்தனையிலும் புகைவாடை. நட்டத்தை அப்பா கூலியில் பிடித்தார்கள். அப்புறம் வேலையும் இல்லை என்றார்கள். ஜீப்புக்குக் காசில்லாமல் போடிமெட்டிலிருந்து அந்த 17 கொண்டை ஊசி வளைவையும் நடந்தே இறங்கி வந்தார். நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

குழாய் அவர் செய்தது இல்லை. பழுது பார்க்கும் உரிமையும் அவருக்கு இல்லை. பழுதுக்குத் தண்டனை மட்டும் அவருக்கு. சாதி என்றால் என்ன என்று பிற்பாடு எத்தனையோ புத்தகம் படித்தேன். அந்தக் குழாயைவிடத் தெளிவாக எதுவும் எனக்குச் சொல்லவில்லை. சாதி என்பது வேலையைப் பிரிப்பது அல்ல, வேலை செய்கிற மனுசரையே பிரித்து அடுக்குவது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் விளக்கியதைப் படித்தபோது எனக்கு அது ஒரு கருத்தாகப் படவில்லை. எங்க வீட்டுக் கதையை யாரோ எழுதிவைத்திருக்கிறார்கள் என்றுதான் பட்டது.

*

மாணவத் தோழரின் கோபத்துக்கு வருகிறேன். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நமக்கு 'உழைப்பின் மேன்மை' என்று யார் போதித்தாலும் முதலில் சந்தேகப்படத்தான் வேணும். மலம் அள்ளுவதைப் புனிதத் தொண்டு என்று காந்தி சொன்னார். அந்தப் புகழ்ச்சி, அள்ளுகிறவனை அங்கேயே நிறுத்திவைக்கப் போடுகிற மாலை என்று அம்பேத்கர் 1945இல் தோலுரித்தார். 1953இல் ராஜாஜி அரசு பாதி நேரம் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தார்கள். 1954இல் காமராசர் வந்து அதை எடுத்தார். எடுத்தாச்சு என்று நாம் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு 18 கைத்தொழில்களுக்கு விஸ்வகர்மா திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியது. குடும்பத்தில் பரம்பரையாக அந்தத் தொழில் இருக்கணும் என்கிற நிபந்தனையை நீக்கச் சொன்னது தமிழ்நாடு அரசு. நீக்காததால் சேர மறுத்து, 2025இல் சாதிப் பரம்பரை பார்க்காத கைவினைத் திட்டம் ஒன்றைத் தனியாகக் கொண்டுவந்தது. எழுபது வருஷம் கழித்தும் அதே அப்பன், அதே தொழில்.

ஆகவே, "கைவேலை உயர்ந்தது" என்று யாராவது ஆரம்பித்தால், "அப்படியா, ஒம் புள்ளைய அனுப்பு" என்று கேட்பதுதான் சரி.

ஆனால் தோழர் ஒன்றைக் கவனிக்கவில்லை. இரும்பு நமக்கு விதிக்கப்பட்ட தொழில் இல்லை. நம்மிடமிருந்து விலக்கப்பட்ட பொருள். சண்டாளருக்கு உடைந்த பாத்திரம், பிணத்தின் துணி, ஆபரணமாகக் கறுத்த இரும்பு என்று மனு வகுத்துவைத்தான். இரும்பை இழிவின் அடையாளமாகப் பூட்டிக்கொள்ளலாம். ஆனால் நல்ல பாத்திரமாகப் புழங்கக்கூடாது.

இது பழங்கதை இல்லை. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். அதில் ஒன்று, தங்கம் வெள்ளி போடக்கூடாது. இன்னொன்று, வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு எதிலும் புழங்கக்கூடாது. மீறினவர்களின் குடிசையைக் கொளுத்தினார்கள். சாதி பற்றி ஹட்டன் எழுதிய நூலில் இது பதிவாகியிருக்கிறது. 1935 நவம்பரில் குஜராத்தில் ஜானு என்கிற ஊரில் கொஞ்சம் வசதியான தலித் பெண்கள் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்துப் போனார்கள் என்று அடித்தார்கள். அதையும் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் குறித்திருக்கிறார். டீக்கடையில் அவனுக்கு எவர்சில்வர், நமக்குச் சிரட்டை, பிற்பாடு அலுமினியம் என்று இருந்த ஊர்களை நம் அப்பா அம்மாக்கள் பார்த்திருக்கிறார்கள்.

2025 ஜனவரியில் சிவகளையில் கிடைத்த சான்றை வைத்து, தமிழ் மண்ணில் இரும்புக்கு 5,300 வருஷத்து வயது என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. எனக்கும் சந்தோசம்தான். கூடவே ஒரு கேள்வி. இத்தனை ஆயிரம் வருஷம் இரும்பைத் தெரிந்த நாட்டில், ஒரு பொம்பளை உலோகக் குடத்தைத் தூக்க முடியாமல் போனது எப்படி? பெருமையில் பங்கு கேட்கும்போது, குடத்தில் பங்கு இல்லாமல் போன கணக்கையும் கேட்கத்தானே வேணும்?

*

ஆனாலும் தோழரின் கேள்வியில் அடி ஆழமாக இன்னொன்று இருக்கிறது. இரும்போ மண்ணோ, நம்ம சனத்துக்கு வேலை என்றால் ரத்தம். அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள நம்மால் முடியுமா? முடிந்தால், நாம் யாராக மாறிவிட்டோம்?

வேலைக்கும் பொழுதுபோக்குக்கும் என்ன வித்தியாசம்? கூலி வாங்கினால் வேலை, வாங்காவிட்டால் பொழுதுபோக்கு என்பார்கள். அது சரியில்லை. நம்ம பாட்டன் பூட்டன் கூலி வாங்காமல் வெட்டி வேலை பார்த்தான். அது பொழுதுபோக்கா? பிடித்துச் செய்தால் பொழுதுபோக்கு என்பார்கள். அதுவும் போதாது. எங்கப்பாவுக்கு நெருப்பு பிடிக்கும். சூட்டைக் காக்கிற அந்த வித்தையில் அவருக்கு ஒரு கர்வமே உண்டு. அது அவரைக் காப்பாற்றவில்லை.

என் சாக்குக் குப்பையைப் பார்க்கும்போதுதான் எனக்கு ஒன்று தட்டுப்பட்டது. முதன்முதலில் தகடு ஒட்டப் பழகியபோது ஆம்பியரைக் கூட வைத்துவிட்டேன். தடி ராடு, மெல்லிசுத் தகடு. தொட்ட இடமெல்லாம் ஓட்டை. அடைக்கப் போனால் ஓட்டை பெருசாகும். வரிசையாகப் பதினோரு துண்டு போச்சு. ராடை மாற்றி, ஆம்பியரைக் குறைத்து, தொட்டுத் தொட்டு எடுக்கணும் என்பது பன்னிரண்டாவது துண்டில்தான் கைக்கு வந்தது. அந்தப் பதினோரு துண்டுக்கு யாரும் என் கூலியில் பிடிக்கவில்லை. யாரும் "ஒங்க ஆளுகளுக்கு எதுக்கு" என்று கேட்கவில்லை. ராத்திரி சோறு இருந்தது.

வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. தப்புக்கு யார் விலை கொடுக்கிறார்கள், அதைத் தாங்க முடிகிறதா என்பதில். பணக்கார வீட்டுப் பிள்ளை ரேடியோவைப் பிரித்துப் போட்டால் 'ஆராய்ச்சி' என்கிறார்கள். எங்க தெருப் பையன் பிரித்தால் 'கெடுத்துட்டான்' என்கிறார்கள். தப்புச் செய்யாமல் எவனும் எதையும் கற்றதில்லை. அப்படியானால் தப்புச் செய்ய விடாமல் வைத்திருப்பதுதான் கற்க விடாமல் வைத்திருப்பது. பள்ளிக்கூடக் கதவைச் சாத்தினதை நாம் பேசியிருக்கிறோம். இந்த இன்னொரு கதவைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை.

அம்பேத்கர் இதைப் பேசியிருக்கிறார். இயந்திரம் வேண்டாம், கிராமத்துக்குத் திரும்பு என்கிற காந்தியத்துக்கு 1945இல் அவர் சொன்ன பதிலின் சாரம்: இயந்திரம் மனுசனை மிருக வாழ்க்கையிலிருந்து விடுவித்து அவனுக்கு ஓய்வு தரும், ஓய்வு இருந்தால்தான் பண்பாடு. அதுக்கு முன்பே, 1942இல் வைஸ்ராய்க்குக் கொடுத்த மனுவில் நம் பிள்ளைகளுக்கு அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்க உதவி கேட்டார். அவர் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில்தான் ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்கிற சட்டத்திருத்தம் 1946இல் வந்தது. ஓய்வு என்பது சோம்பேறிக்கு வேண்டியது, மேல்சாதிக்காரன் வைத்துக்கொள்வது என்று நாமே நம்பிக்கொண்டிருக்கிறோம். அவர் அதை ஓர் உரிமையாகக் கேட்டார். என் ஞாயிற்றுக்கிழமை யாரோ போட்ட பிச்சை இல்லை. அந்த நேரத்தில் இரும்பைக் கெடுப்பேன், ஒட்டுவேன். அது என் பாடு.

*

இப்படி எழுதிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டால் அது யோக்கியம் ஆகாது. எனக்கு வெல்டிங் சொல்லிக் கொடுத்த அண்ணன் ஒருத்தர் இருக்கிறார். எங்க தெருதான். கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறையில் கூலிக்கு நிற்கிறார். முகமூடி கிடையாது, ஒரு கையில் கண்ணாடிச் சில்லு, மறு கையில் ஹோல்டர். ராத்திரி கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும் என்பார். ஜிங்க் பூச்சுப் பைப்பை நான் ஒரு தடவை தேய்க்காமல் பற்றவைத்துவிட்டு, வெள்ளைப் புகையை இழுத்து ராத்திரி பூரா குளிர்காய்ச்சலில் கிடந்தேன். மறுநாள் வந்து பார்த்தவர் சிரித்தார்: "ஒனக்கு ஒரு நா காச்ச தம்பி. எனக்கு அதுதான் சம்பளம்."

இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் என் தத்துவம் கொஞ்சம் கூனிக் குறுகத்தான் செய்கிறது. அதே ராடு, அதே பொறி. நான் மெஷினை நிறுத்த நினைத்தால் நிறுத்தலாம். அவரால் முடியாது. ஆகவே, என் சந்தோசத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் வேலையின்மேல் பூசி "வெல்டிங் ஒரு கலை" என்று எழுத எனக்கு உரிமை இல்லை. நான் அப்படி எழுதினால், மலம் அள்ளுவதைத் தொண்டு என்றவர்களுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. யாராவது "கேட்டு செஞ்சு குடுங்க" என்று வந்தால் அவரிடம்தான் அனுப்புகிறேன். சொல்லிக் கொடுத்ததுக்குக் காசு கொடுத்தேன், திட்டிக்கொண்டே வாங்கினார். முகமூடி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். "இதைப் போட்டா வேகம் வராது, மொதலாளி கத்துவாரு" என்று வீட்டில் மாட்டிவைத்திருக்கிறார். என் சாய்ப்பில் இருக்கிற சுதந்திரம் தெருமுனைப் பட்டறைவரைகூடப் போகவில்லை. தனியாள் ஒருவன் தன் ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டு அடைக்கிற ஓட்டை இல்லை இது. அதுக்குச் சங்கம் வேணும்.

அம்மாவுக்குச் செய்த முக்காலியின் கதையும் அதேதான். முன்னால் ஜீப்பில் மலையேறிக் காய் எடுத்தவர். முட்டி போனபிறகு போடியில் ஒரு கொடோனில் காய் தரம் பிரிக்கிறார். நாள் பூரா தரையில் உட்கார்ந்து, சுளகில் பரப்பி, நல்ல காய் வேறு, வெடித்த காய் வேறு. அரையடி உயரத்தில் ஒரு முக்காலி பற்றவைத்துக் கொடுத்தேன். மூணாம் நாள் வீட்டுக்கே திரும்பி வந்தது. "ஒனக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாளுக" என்று சொல்லிவிட்டார்களாம். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவன் சொன்னது சரிதான்ப்பா. எல்லாருமே கேட்டாளுக." எல்லாரும் கேட்கிற அந்த நாளைத்தான் நானும் எதிர்பார்க்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. ஒருநாள் சாய்ப்பு வாசலில் விசாரிக்க ஆள் வந்தது. "காலனியில இரும்பு வேலை நடக்குதாமே. என்ன செய்யிறீங்க? அருவாளா?" யாரோ சொல்லியிருக்கிறார்கள். 1989இல் போடியைச் சுற்றிச் சாதிக் கலவரம் நடந்து வீடுகள் எரிந்தபோது நான் கைக்குழந்தை. அதன் சாம்பல் இன்னும் ஆறவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஊருக்குள் பட்டறைக்குப் பட்டறை பொறி பறக்கிறது, அது தொழில். எங்க தெருவில் பறந்தால் ஆயுதம். குடத்து ஸ்டாண்டை எடுத்துக் காட்டினேன். நம்பாமல் சாக்கைக் கொட்டச் சொன்னார்கள். கொட்டினேன். பதினோரு ஓட்டைத் தகடும் தரையில் விழுந்தன. தப்புச் செய்யும் உரிமையைப் பற்றி நான் எழுதலாம். அதைச் சந்தேகம் இல்லாமல் வைத்துக்கொள்ள இந்த ஊர் இன்னும் விடவில்லை.

*

தோழர், கடைசியாக ஒன்று. அவர்கள் போனபிறகு தகடுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தார். "இதவிட அந்தக் கொழாயில ஓட்டை சின்னதுடா" என்றார். அப்புறம், "எங்க, எனக்கு ஒருதடவ குடு" என்றார்.

முகமூடியை மாட்டிவிட்டேன். கை நடுங்கியது. ராடு தகட்டில் ஒட்டிக்கொண்டது. ஆட்டிப் பிடுங்கினார். மறுபடியும் ஒட்டியது. மூடியைத் தூக்கி என்னைப் பார்த்து, "கெட்டுப்போச்சுன்னா?" என்று கேட்டார். எழுபது வயதில், சொந்த வீட்டில், மகனிடம் கேட்கிற கேள்வி.

"கெட்டா கெடட்டும்ப்பா, வேற தகடு இருக்கு" என்றேன்.

மூடியை இறக்கிக்கொண்டார்.